உரிமையும் உரிமமும்

என் வீட்டுக்குள் ஒரு ஒயரை இழுத்து, ஒரு சுவிட்சைப் போட்டு, ஒரு விளக்கை எரியவிட எனக்கு உரிமை இருக்கிறதா? கேள்வி ரொம்பச் சின்னதாகத் தெரியும். பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை, இரட்டைக் குவளை என்று எழுத வேண்டியவை குவிந்து கிடக்கும்போது இவன் ஏன் பல்பையும் ஒயரையும் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். ஒருத்தனைப் பார்த்து ‘நீ தொடாதே’ என்று சட்டம் சொல்கிற இடம் எதுவானாலும் அது நம்முடைய விஷயம்தான். அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்த காதுகள் நம்முடையவை. அது எப்போது நம்மைக் காப்பாற்றச் சொல்லப்படுகிறது, எப்போது நம்மை ஒதுக்கிவைக்கச் சொல்லப்படுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எல்லாத் தடையையும் உடைக்கப்போய்ச் சாவோம். இல்லையென்றால் எல்லாத் தடைக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு கிடப்போம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1956இல் போட்ட இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி இதைப் பற்றியது. மாநில அரசிடம் உரிமம் வாங்கிய ஒப்பந்தக்காரர் மூலமாக, தகுதிச் சான்றிதழ் உள்ளவருடைய நேரடி மேற்பார்வையில்தான் ஒரு கட்டடத்தில் மின்வேலை நடக்க வேண்டும். புதிதாகச் சேர்ப்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் இதில் அடக்கம். சொந்த வீட்டுக்காரர் என்பதால் அவருக்குத் தனிச் சலுகை ஒன்றும் இல்லை. விதிவிலக்காக விட்டிருப்பது கொஞ்சம்தான். பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச், வீட்டுச் சாமான்கள் இவற்றைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். அதுவும் இணைப்பின் அளவும் தன்மையும் மாறாமல். 2003இல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. 2010இல் மத்திய மின்சார ஆணையம் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளைப் புதிதாகப் போட்டது, 2023இல் மறுபடியும் மாற்றிப் போட்டது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அடிப்படை மாறவே இல்லை.

அதாவது பியூஸ் போனால் நீங்களே பியூஸ் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அடிக்கடி போய்த் தொலைகிறதே என்று ஒயரிலிருந்து நாலைந்து இழை செம்புக்கம்பியை உருவித் தடிமனாகச் சுற்றிவிட்டால் ‘தன்மை’ மாறிவிட்டது. வீடு எரிவதற்கு முன்னால் தான் எரிந்துபோக வேண்டும் என்பதற்காக வைத்த மெல்லிய கம்பிதான் பியூஸ். அதைத் தடிமனாக்கினால் ஒயர் சூடேறும், அப்புறம் கூரை பிடிக்கும்.

இந்த விதி ஊத்துக்கோட்டையைச் சுற்றியிருக்கிற சேரிகளிலும் இருளர் குடியிருப்புகளிலும் எப்படி நடக்கிறது என்பதை வைத்துத்தான் நான் யோசிக்கிறேன். ஆரணி ஆற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் இது. கிருஷ்ணா தண்ணீர் இந்த வழியாகத்தான் பூண்டி ஏரிக்குப் போகிறது. கிழக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே இரும்பு உருக்காலைகள் ராவும் பகலும் ஓடுகின்றன. இதே மாவட்டத்தில் கடற்கரை ஓரமாக அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் 1994இலிருந்து இருக்கிறது, வல்லூரில் 2012இலிருந்து இன்னொன்று. மின்சாரம் பிறக்கிற மாவட்டம், மின்சாரத்தை ஏராளமாகச் செலவழிக்கிற மாவட்டம். இதற்கு நடுவில் நம் சேரிகள்.

தமிழ்நாட்டில் குடிசைக்கு இலவச மின்சாரம் உண்டு. மின்கட்டணப் பட்டியலில் அதற்கென்று தனி வகையே இருக்கிறது. 250 சதுர அடிக்கு மேற்படாத மண்சுவர் வீடு, வெளிச்சத்துக்கு 40 வாட். தாட்கோ கட்டிய வீடுகளும் காமராசர் ஆதிதிராவிடர் வீட்டுத் திட்டத்து வீடுகளும் இந்த வகையில் சேர்ந்தன. 2006க்குப் பிறகு அரசாங்கம் கலர் டிவி கொடுத்தது. 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. கொடுத்த சாமான்களை இதே இலவச இணைப்பில் ஓட்டிக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். நல்லது. ஆனால் ஒரே ஒரு விளக்குக்காகப் போட்ட இணைப்பில் நாலு சாமானைச் செருக பிளக் பாயிண்ட் போட்டது யார்?

நாங்கள்தான் போட்டுக்கொண்டோம். தெருவுக்கு ஒரு பையன் இருப்பான். கும்மிடிப்பூண்டியில் ஏதோ கம்பெனியில் எலக்ட்ரீஷியனுக்கு ஹெல்பராக நின்று, ஒயர் சுருளைத் தூக்கி, சுவரைக் குடைந்து, பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டவன். ஞாயிற்றுக்கிழமை ஒரு டெஸ்டரையும் கட்டிங் பிளேயரையும் எடுத்துக்கொண்டு வருவான். கூலி என்று கேட்க மாட்டான். ஒரு டீ, சாயங்காலம் கொஞ்சம் கறிச்சோறு. சட்டப்படி பார்த்தால் அவன் செய்வதும் குற்றம், செய்யச் சொல்கிற வீட்டுக்காரர் செய்வதும் குற்றம்.

இன்னொன்றும் நடக்கிறது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அப்பன் வீட்டை ஒட்டியே ஒரு கொட்டாய் போடுவது நம் வழக்கம். வேறு மனை கிடையாது, தனிப் பட்டா கிடையாது, தனி சர்வீசும் கிடையாது. அப்பன் வீட்டு மெயின் போர்டிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி, துணி காயப்போடுகிற கொடிக்கம்பியில் சுற்றிக்கொண்டே மகன் வீட்டுக்குப் போகிறது. இதற்கும் சட்டத்தில் பெயர் இருக்கிறது. 2003 சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி, அனுமதித்த இடத்தைவிட்டு வேறு இடத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோனால் அது அங்கீகாரமில்லாத பயன்பாடு. அப்பனிடமிருந்து மகனுக்குப் போகிற வெளிச்சத்துக்கு அபராதம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, “பார்த்தீர்களா, சட்டமே நமக்கு எதிரி. என் வீடு, என் ஒயர், என் உசுரு, நான் என்னமோ பண்ணிக்கிறேன்” என்று முடித்துவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். என் சிநேகிதர் ஒருத்தர் இப்படித்தான் வாதாடினார். “சொந்த வூட்ல ஒரு லைட்டு போட்டுக்கறதுக்கு எவன் கிட்டபா பர்மிசன் கேக்கணும்? ஆண்டை கிட்ட கேட்டுக்கினு இருந்த காலமா இது?” என்றார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. அவர் வாதம் நிற்காது.

ஏன் நிற்காது என்றால், மின்சாரம் என் வீட்டோடு நிற்பதில்லை. கொடிக்கம்பிக்கே வருவோம். ஒயரை இழுத்தவன் ஆண்பிள்ளை. வெயிலிலும் மழையிலும் ஒயரின் மேல்தோல் வெடித்து, உள்கம்பி கொடிக்கம்பியில் பட்டிருக்கும். ஈரத்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கம்பியைத் தொடப்போகிறவள் அவன் பெண்டாட்டி, அல்லது அம்மா. துணிச்சல் அவனுடையது, சாவு அவளுடையது. தகரக் கூரையில் கரண்ட் இறங்கினால் கையை ஊன்றி விளையாடுகிற பிள்ளைதான் முதலில் தொடும். நியூட்ரல் இல்லை என்று மண்ணில் ஒரு கம்பியை அடித்து அதிலிருந்து ஒயரை எடுப்பவர்கள் உண்டு. அந்தக் கம்பியைச் சுற்றி ஈர மண்ணிலேயே மின்சாரம் பரவும். பக்கத்து வீட்டு ஆடு செத்த பிறகுதான் தெரியும். தப்பாக மாட்டிய இன்வெர்ட்டரிலிருந்து மின்சாரம் திரும்பிக் கம்பத்துக்குப் போனால், லைன் நிறுத்தியிருக்கிறது என்று நம்பி மேலே ஏறினவன் மேலேயே கருகிப்போவான். கம்பத்தில் ஏறுகிற ஒப்பந்தக் கூலி யார்? பல இடங்களில் அவனும் நம்ம பிள்ளைதான். என் உயிரை நான் பணயம் வைக்கலாமா என்பது ஒரு கேள்வி. பெண்டாட்டி உயிரையும் லைன்மேன் உயிரையும் அவர்களைக் கேட்காமல் பணயம் வைக்கலாமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவதற்கு, ‘என் வீடு’ என்பது பதிலாகாது.

அளவையும் தெரிந்துகொள்வது நல்லது. உடம்பு வழியாகப் பாயும் மின்சாரம் 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து என்று வைத்துத்தான் வீட்டுப் பாதுகாப்புக் கருவிகளைச் செய்கிறார்கள். குடிசைக்கென்று கொடுத்த அந்த 40 வாட் பல்பு 230 வோல்ட்டில் எரியும்போது சுமார் 170 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. ஏழைக்கு அளந்து கொடுத்த வெளிச்சத்திலேயே ஏழையைக் கொல்லப் போதுமானதைவிட அய்ந்து மடங்குக்கு மேல் ஓடுகிறது. ‘கொஞ்சம் கரண்ட்தானே’ என்று ஒன்று கிடையாது.

ஆகவே மின்சார விஷயத்தில் ‘தொடாதே’ என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் கிணற்றைத் தொடாதே, குடத்தைத் தொடாதே, ஏட்டைத் தொடாதே என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒன்றுதான் என்று மேடையில் சொன்னால் கைதட்டு கிடைக்கும். ஆனால் அது பொய். பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். தடை யாரைக் காப்பாற்றுகிறது? கிணற்றுக்குத் தடை போட்டவன் தன் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டான், என்னைக் காப்பாற்றவில்லை. டிரான்ஸ்பார்மரில் மண்டை ஓடு படம் போட்டு அபாயம் என்று எழுதியிருப்பது என் உயிரைக் காப்பாற்றுகிறது. அடுத்தது, காரணம் கேட்டால் சொல்ல முடியுமா? கிணற்றுக்காரனிடம் கேட்டால் அடி விழும். மின்சாரத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டலாம், இப்போது நாம் காட்டியது போல. மூன்றாவது, கற்றுக்கொண்டால் தடை நீங்குமா? சாதித் தடை எதைக் கற்றாலும் நீங்காது. தமிழில் எம்.ஏ. படித்துவிட்டு வந்த எனக்கும் டீக்கடைப் பார்வை மாறவில்லை. மின்வேலையில் அப்படி இல்லை. நேற்று வரை தொடக்கூடாதவன், படித்துத் தேர்ச்சி பெற்றால் இன்றைக்குத் தொடலாம்.

முதல் இரண்டு கேள்வியிலும் மின்சார விதி தேறிவிடுகிறது. மூன்றாவதில்தான் வழுக்குகிறது.

உரிமை, உரிமம் என்ற இரண்டு சொல்லையும் பாருங்கள். இரண்டுக்கும் ‘உரி’ என்பதுதான் வேர். உரிமை பழைய சொல். உரிமம், லைசென்சுக்காக நம் காலத்தில் ஆக்கிக்கொண்ட சொல். எனக்கு உரியது எதுவோ அது உரிமை. உரியவன் நீ என்று இன்னொருத்தன் எழுதிக் கொடுத்தால் அது உரிமம். உரிமையிலிருந்துதான் உரிமம் கிளைக்க வேண்டும். கற்கிற உரிமை எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்தால்தான், கற்றவனுக்கு மட்டும் உரிமம் என்பது நியாயமாகும். கற்கிற வாசலைச் சாத்திவிட்டு உரிமத்தைக் கேட்டால், அது பூணூல் மாதிரிதான். மாட்டிக்கொண்டவனுக்கு மட்டும் கைதொடுகிற அதிகாரம்.

வாசல் எப்படிச் சாத்தியிருக்கிறது? தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறார்கள். இருபத்தொரு வயது முடிந்திருக்க வேண்டும், மேல் வயது வரம்பு இல்லை, ஒயரிங் வேலையில் அய்ந்து வருஷ அனுபவம் வேண்டும். காகிதத்தில் திறந்த வாசல்தான். ஆனால் அந்த அய்ந்து வருஷம் யாராவது ஒருவர் உன்னைக் கூடச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும், சேர்த்துக்கொண்டேன் என்று எழுதியும் கொடுக்க வேண்டும். யார் யாரைக் கூடச் சேர்ப்பார்கள் என்பதில்தானே நம் நாட்டில் எல்லாமே இருக்கிறது. எங்கள் தெருப் பையன் பத்து வருஷம் ஒயர் இழுத்தவன். “அனுபவம் கேக்கறாங்கண்ணா. எங்கிட்ட கைல இருக்குது, காயிதத்துல இல்ல” என்றான்.

கையில் இருப்பதைக் காகிதத்தில் ஏற்றாமல் வைத்திருப்பதால் யாருக்கு லாபம் என்றும் பார்க்க வேண்டும். புது இணைப்புக்கு விண்ணப்பித்தால், ஒயரிங் ஒழுங்காக முடிந்தது என்று உரிமம் பெற்றவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வீட்டைப் பார்க்காமலே விழுகிற கையெழுத்துகளுக்கு ஒரு விலை உண்டு என்பது ஊருக்கே தெரியும். வேலை ஒருத்தன் கை, கையெழுத்து இன்னொருத்தன் கை. இதுவும் வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்பவர்களைப் பிரித்துவைப்பது. சாதியைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் 1936லேயே காட்டிய வித்தியாசம் இது. உயரத்தில் தொங்குகிறவன் ஒருத்தன், பெயர் எடுக்கிறவன் இன்னொருத்தன். விபத்து நடந்தால் மட்டும் பெயர் இடம் மாறும். ‘கவனக்குறைவாக மின்வேலை செய்தபோது’ என்று செத்தவன் தலையில் எழுதப்படும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்துச் சாவுக் கணக்கில், சமீப வருஷங்களில் மின்சாரம் தாக்கிச் செத்தவர்கள் வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். ஆண், பெண், வயது என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஊரா சேரியா, ஓட்டு வீடா தொகுப்பு வீடா என்று பிரிக்கவில்லை. பிரித்தால்தானே யாருடைய கவனம் குறைவாக இருந்தது என்று தெரியும்.

அம்பேத்கரை இங்கே இன்னொரு காரணத்துக்காகவும் நினைக்க வேண்டியிருக்கிறது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். மின்சக்தியும் அவர் பொறுப்பில் இருந்தது. மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் அவர் காலத்தில் அமைந்தது. 1943 அக்டோபரில் போருக்குப் பிந்தைய மின்வளர்ச்சி பற்றிப் பேசியபோது, மலிவாகவும் ஏராளமாகவும் மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் நிலத்தை நம்பிக் கிடக்கிற ஏழைக்கு விடுதலை இல்லை என்ற நோக்கில் வாதிட்டார். இதை அரசாங்கம்தான் எடுத்துச் செய்ய வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. தண்ணீர் தொட உரிமை கேட்டு 1927இல் மகாடு குளத்தில் இறங்கியவர், பதினாறு வருஷம் கழித்து மின்சாரத்தைப் பொதுச் சொத்தாக்கத் திட்டம் போட்டார். தண்ணீரில் அவர் கேட்டது தொடுகிற உரிமை. மின்சாரத்தில் கேட்டது, அரசாங்கம் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய கடமை. நம் கேள்விக்குப் பதில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். ஒருவருடைய கையைக் கட்டுகிறவர், அந்தக் கை செய்ய வேண்டிய வேலைக்குப் பொறுப்பேற்க வேண்டும். ‘நீ உன் வீட்டில் ஒயரைத் தொடாதே’ என்று அரசாங்கம் சொல்லலாம். சொன்ன மாத்திரத்தில், ‘தொடத் தெரிந்த ஒருவரை உன் வாசலுக்கு அனுப்புகிறேன்’ என்பதையும் சொன்னதாக அர்த்தம். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கினால், அந்தத் தடைக்குப் பாதுகாப்பு என்று பெயர் கிடையாது. கைகழுவுவது என்று பெயர்.

மீதிப் பாதி சட்டத்தில் இல்லாமலும் இல்லை. அதே 1956 விதிகளில் 45க்கு அடுத்த 46ஆவது விதி, ஒவ்வொரு மின்னிணைப்பையும் அய்ந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்றது. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் அப்படி ஒரு சோதனை எப்போது நடந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 45 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. 46 யாருக்கும் ஞாபகம் இல்லை. அதே விதிகளில் 61-ஏ என்று ஒன்றைப் பின்னால் சேர்த்தார்கள். மின்கசிவு ஏற்பட்டால் கண் இமைப்பதற்குள் துண்டிக்கிற கருவி வைக்க வேண்டும் என்பது அது. ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைவான இணைப்புகளுக்கு விலக்கு. கருவியின் விலையை நினைத்து ஏழைக்குக் காட்டிய சலுகையாக இருக்கலாம். விளைவு என்ன? உலர்ந்த சுவரும் நல்ல எர்த்தும் உள்ள பெரிய வீட்டுக்குக் கருவி கட்டாயம். ஈரச் சுவரும் தகரக் கூரையும் உள்ள வீட்டுக்குக் கட்டாயமில்லை. அந்த விதிகள் போய் வேறு விதிகள் வந்துவிட்டன. அந்தக் காலத்தில் கட்டிய தொகுப்பு வீடுகள் அப்படியே நிற்கின்றன.

நீதிமன்றங்கள் சில இடங்களில் நேராகப் பார்த்திருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தொழிலாளி ராத்திரி சைக்கிளில் வீடு திரும்பும்போது, மழைத்தண்ணீர் தேங்கிய ரோட்டில் அறுந்து கிடந்த மின்கம்பியில் சிக்கிச் செத்துப்போனார். வேறொருவர் திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டு இழுத்த ஒயர் அது, எங்களுக்குப் பொறுப்பில்லை என்று அந்த மாநில மின்வாரியம் வாதாடியது. 2002இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆபத்தான பொருளைக் கையாள்கிறவர், தன் மேல் தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதனால் வருகிற சாவுக்குப் பொறுப்பு என்றது. திருட்டைத் தடுப்பதும் அவர்கள் வேலைதான் என்றது. நம் பக்கத்திலேயே 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் திருவண்ணாமலைப் புறம்போக்கில் குடியிருந்தவர்களின் வழக்கில், மின்சாரம் கிடைப்பது வாழ்வுரிமையில் சேர்ந்தது, இடத்தின் பட்டாவைக் காட்டி அதை மறுக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்தது. 2003 சட்டத்தின் 43ஆவது பிரிவும் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, குடியிருப்பவருக்கும் இணைப்புக் கேட்கிற உரிமையைத் தருகிறது. இவற்றைச் சேர்த்துப் படித்தால், கொட்டாயில் இருக்கிற மகனுக்குத் தனி இணைப்பு கொடுக்க வேண்டியது கடமை. கொடுக்காமல் விட்டுவிட்டு, அப்பன் வீட்டிலிருந்து ஒயர் இழுத்தாய் என்று அவனைப் பிடிப்பது நியாயமில்லை.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்காக ஒன்று. நியூசிலாந்தில் வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ தன் சொந்தக் குடியிருப்பில் சில மின்வேலைகளைத் தானே செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. எதைச் செய்யலாம், எப்படிச் செய்ய வேண்டும் என்று அரசாங்கமே 2004இல் ஒரு நெறிமுறையை வெளியிட்டிருக்கிறது. ஒயர் இழுத்த பிறகு, மின்சாரத்தோடு சேர்ப்பதற்கு முன்னால் ஆய்வாளர் வந்து சோதித்துச் சான்று தர வேண்டும். இங்கிலாந்திலும் 2005இலிருந்து வீட்டுக்காரர் பெரிய மின்வேலை செய்தால் உள்ளாட்சியின் கட்டடப் பிரிவுக்குச் சொல்லிச் சோதிக்க வைக்க வேண்டும். அங்கே ஆள் யார் என்பதைவிட வேலை சரியா என்று பார்க்கிறார்கள். இங்கே ஆளுக்குக் காகிதம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், வேலையை யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. சோதிக்க ஆள் வராத ஊரில் வீட்டுக்காரனுக்கு உரிமை கொடுத்தால், சாவதற்கு உரிமை கொடுத்தது மாதிரிதான் ஆகும். சோதனை முதலில் வரட்டும்.

நாம் கேட்க வேண்டியவை இவை. அரசாங்கம் கட்டுகிற ஒவ்வொரு தொகுப்பு வீட்டிலும் எர்த்தும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கிற கருவியும் கதவு சன்னல் மாதிரி வீட்டோடு சேர்ந்த பாகமாக இருக்க வேண்டும், அரசாங்கச் செலவில். பழைய வீடுகளில் அதைப் பொருத்திக் கொடுக்க வேண்டும். அய்ந்து வருஷச் சோதனையைச் சேரியிலிருந்து தொடங்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் சாயங்காலம் ஒயரிங் வகுப்பு நடத்தி, கையில் தொழில் உள்ளவனைச் சோதித்துப் பார்த்து அனுபவச் சான்றை அரசாங்கமே கொடுக்க வேண்டும். பெண்களையும் அதில் சேர்க்க வேண்டும். கொடிக்கம்பியைத் தொடுகிறவள் அவள், டெஸ்டர் பிடிக்கத் தெரிய வேண்டியவளும் அவள்தான். சேரிக்கு ஒரு உரிமம் பெற்ற ஒயர்மேன், அந்தச் சேரியிலிருந்தே வந்தால், வீட்டுக்காரர் தானே தொடலாமா கூடாதா என்ற சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

கேட்பதோடு நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அரசாங்கம் வருகிற வரைக்கும் சாவு காத்திருக்காது. கொடிக்கம்பியில் ஒயரைச் சுற்றாதீர்கள், கொடிக்கு நைலான் கயிறு கட்டுங்கள். பியூசுக்குத் தடிக்கம்பி போடாதீர்கள். மண்ணில் கம்பி அடித்து நியூட்ரல் எடுப்பவனைத் தெருவே சேர்ந்து தடுக்க வேண்டும். அவன் நம்ம ஆளாயிற்றே என்று பேசாமல் இருப்பது அவனுக்கும் நல்லதில்லை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் நல்லதில்லை. ஊர்க்காரன் ‘தொடாதே’ என்றபோது எதிர்த்து நின்றோம். நம் பிள்ளையிடம் அதே சொல்லைக் காரணத்தோடு சொல்ல நமக்குக் கூச்சம் எதற்கு?

இந்த நாட்டில் ஏட்டளவில் வலுவான தடைகள் நிறைய உண்டு. மனிதன் கையால் மலம் அள்ளக் கூடாது என்று 1993இல் ஒரு சட்டம், மலக்குழியில் பாதுகாப்பில்லாமல் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013இல் இன்னொரு சட்டம். இறக்குகிறார்கள், சாகிறார்கள். அந்தத் தடை வேலை கொடுப்பவனுக்குப் போட்டது, அதனால் அது தூங்குகிறது. வீட்டில் ஒயரைத் தொடக்கூடாது என்ற தடை ஏழைக்குப் போட்டது, அதனால் அவன் செத்த பிறகாவது விழித்துக்கொண்டு, தப்பு அவனுடையது என்று சாட்சி சொல்கிறது. ஒரே கை. ஆபத்தான இடத்தில் அடுத்தவனுக்காக வேலை செய்யும்போது அதனிடம் உரிமம் கேட்பாரில்லை. தன் வீட்டில் ஒரு விளக்கை மாட்டும்போதுதான் கேட்கிறார்கள். உரிமத்தை நான் மறுக்கவில்லை. அது இருக்க வேண்டும், எல்லோருக்கும் எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும். அதுவரைக்கும், தெரியாத கையால் ஒயரைத் தொட்டுச் செத்தவனைக் குற்றவாளி என்று எழுதுவதற்கு முன்னால், தெரிந்த கை ஏன் அவன் வாசலுக்கு வரவில்லை என்ற கேள்வியை அந்தக் காகிதத்திலேயே எழுதியாக வேண்டும்.